வேடத்தை விட்டு விலகியதற்கு ஒரு மார்க்

ஒரு மார்க்கைக் குறைத்தது சரிதான், குறைக்காமல் என்ன செய்வது, சீட்டில் எழுதிக் கொடுத்தது செங்கல் சூளையில் வேலை செய்யும் குடிகாரனின் மனைவி என்று, மனைவியாகப் பேச ஆரம்பித்த பெண் நடுவில் மகளாகிவிட்டால் அதற்குப் பெயர் வேடத்தை விட்டு விலகுவது, மதிப்பெண் தாளிலேயே அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்... சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிய ஸ்ரீரங்கம் பஸ் இன்னும் காவிரிப் பாலத்தைத் தொடவில்லை, ரெஜிஸ் ஜன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போனில் மார்க்கை ஏற்றிக்கொண்டிருந்தான், இன்று மாலைக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் அதையும் சேர்த்து எழுதி வைப்பார்கள், வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, அடுத்த மாதம் புதுப்பிக்கிற மாதம். ரங்கநாயகிக்குப் பத்து. தேவதர்ஷினிக்கு ஒன்பது. ஒன்பது என்ன குறைச்சலா? சமூகப்பணித் துறையில் இது வழக்கமாக நடப்பதுதான், நேர்காணல் பயிற்சி, ஒருத்தர் சமூகப்பணியாளர், ஒருத்தர் பயனாளி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் மேஜை கிடையாது, மேஜை போட்டால் அதிகாரம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பாடத்தில் இருக்கிறது. பயனாளியாக வருகிற பிள்ளைகள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சுவார்கள், ஏழை என்றால் மூக்கு ஒழுகியே தீர வேண்டும், வகுப்பு சிரிக்கும், அவனும்தான் சிரிக்கிறான். வையம்பட்டிப் பக்கம் கல்குவாரியில் அவன் அம்மா பாப்பாயி ஒருநாளும் மூக்கை உறிஞ்சியதில்லை, உறிஞ்சினால் கல்தூசிதான் உள்ளே போகும்.

தேவதர்ஷினி துப்பட்டாவைத் தலையில் போடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்கிறவள் போல ஒரே குரலில் பேசினாள், குடிக்கிறதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லார் வீட்டிலும் குடிக்கிறார்கள் என்றாள், நல்ல ஆரம்பம் என்று அவன் தாளின் ஓரத்தில் எழுதினான். எதிரே ரங்கநாயகி, ஸ்ரீரங்கத்துப் பெண், பாடத்தை வரி விடாமல் படித்தவள், உங்க உணர்வை நான் மதிக்கிறேன்மா, மேல சொல்லுங்கோ என்றாள். அப்போதுதான் தேவதர்ஷினியிடமிருந்து அந்தப் பேச்சு வந்தது, "எங்கம்மா இப்பல்லாம் சத்தமே போடுறதில்லீங்க. சண்ட போட்டுக்கிட்டு இருந்துச்சு, அதுவே தேவல. வயலுக்கு அடிக்கிற மருந்து பாட்டில் ஒண்ணு அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கு. எங்களுக்கு வயலே கிடையாதுங்க." உடனே கைதட்டல், பின்பெஞ்சிலிருந்து ருக்ஸார், அவார்டு உனக்குத்தாண்டி தேவா, சீரியல்காரன் பாத்தா தூக்கிட்டுப் போயிடுவான் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், தேவதர்ஷினியும் சிரித்தாள், சிரித்தாளா, உதட்டைக் கொஞ்சம் விரித்தாள். அவன் என்ன செய்தான்? பேனா மூடியைக் கழற்றினான். அருமை, ஆனா நீங்க மனைவிம்மா, மகள் இல்ல, கேரக்டர விட்டு வெளிய வந்துட்டீங்க என்றான். சரிங்க சார் என்றாள். ரங்கநாயகி சேர்ந்து யோசிக்கலாமா என்று அழகாக முடித்து வைத்தாள், பத்து.

பாலத்தில் பஸ் ஏறியது, கீழே ஆற்றில் மணல்தான் கிடந்தது, நடுவில் தேங்கிய தண்ணீரில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்... வயலே கிடையாதுங்க. இதை எந்தப் பிள்ளை கற்பனை செய்யும்? மூக்கை உறிஞ்சத் தெரிந்தவர்கள் மாமியார் கொடுமை, சீதனம், வட்டிக்காரன் என்று பெரிதாகச் சொல்வார்கள், வயல் இல்லாத வீட்டுக்குள் வயலுக்கு அடிக்கிற மருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எவளால் இட்டுக்கட்ட முடியும்? திருவெள்ளறைக்குப் பக்கத்திலிருந்து வருகிற பெண், அம்மாவுக்குச் சூளை வேலை என்று எப்போதோ சொன்னாள், பஸ் வரலீங்க சார் என்று பாதி நாள் தாமதமாக வருவாள், சீட்டில் அவன் செங்கல் சூளை என்று எழுதியது தற்செயல், அந்தச் சீட்டு அவள் கைக்குப் போனதும் தற்செயல். துறைத் தலைவரிடம் சொல்லலாம், அவர் என்ன சொல்வார் என்று தெரியும், ரிப்போர்ட்டா எழுதிக் குடுங்க ரெஜிஸ், கமிட்டில வச்சிடலாம், கமிட்டி கூடும்போது கூடும். போன் செய்யலாமா? ஆண் ஆசிரியர்கள் மாணவிகளுக்குத் தனியாகப் போன் செய்யக்கூடாது, சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். புதுப்பிக்கிற மாதம்... மயிரு மாதம்.

சின்ன வயதில் குவாரிக் குடிசைக்கும் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், கையில் கேள்வித்தாள் சொருகிய அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, என்னென்ன பிரச்சினை இருக்கும்மா என்று கேட்டார்கள், உள்ளே அப்பா அடைக்கலம் கல் விழுந்து நசுங்கிய காலோடு சத்தம் வராமல் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார், அம்மா வாசலை அடைத்து நின்றுகொண்டு ஒரு குறையும் இல்லீங்க என்றாள், அவனிடம் கடையிலிருந்து கலர் சோடா வாங்கி வரச் சொல்லி அவர்களுக்குக் கொடுத்தாள், காண்ட்ராக்டர் காதுக்குப் போனால் இருக்கிற குடிசையும் போய்விடும். அவர்கள் தெரு திரும்பியதும், தொலஞ்சானுங்களா, கதவச் சாத்துடா. இதெல்லாம் தெரிந்தவன்தான், பிஎச்.டி.க்குக் குவாரிக் குடும்பங்களையே எடுத்தான், உனக்கென்னப்பா, சொந்த ஜனம், நெருக்கம் உண்டாக்குற வேலையே மிச்சம் என்றார் நெறியாளர், அவனும் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அம்மா முன்னால் உட்கார்ந்தான், அவள் மகன் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லப்பா என்றாள். எல்லாக் கேள்விக்கும் அதுதான். அவன் கட்டங்களில் டிக் அடித்தான், அட்டவணையில் அது நெருக்கடியைச் சமாளிக்கும் திறன் மிக அதிகம் என்று வந்தது, கட்டுரையாகவும் வந்தது, பாராட்டினார்கள்.

மாம்பழச்சாலையில் பஸ் நின்றபோது தேவதர்ஷினியின் எண்ணை அழுத்திவிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காமல் விட்டால் என்ன நினைப்பது... எடுத்தாள். சார்? பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், ஒரு பெண் குரல், யாருடி அது, சாரும்மா, மார்க் விஷயமா. அப்படியானால் அந்த அம்மா இருக்கிறாள், இந்த நிமிஷம் இருக்கிறாள். ரெஜிஸுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற திறந்த கேள்வி, மூடிய கேள்வி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மத்தியானம் சொன்னியேம்மா... அது நிஜமா?"

"நடிச்சேன் சார். அருமைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அந்தப் பாட்டில்..."

"இங்க ஒரு குறையும் இல்லீங்க சார்."

குரல் மரியாதையாக இருந்தது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற மரியாதை, வச்சிடட்டுங்களா சார் என்றாள், அவன் பதில் சொல்வதற்குள் வைத்தும்விட்டாள். திருவானைக்காவல் எறங்குறவங்க முன்னாடி வாங்க என்று கண்டக்டர் கத்தினார், ஸ்ரீரங்கத்துக்கு டிக்கெட் எடுத்தவன் எழுந்து முண்டியடித்துக்கொண்டு இறங்கினான், எதற்கு இறங்கினோம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது, துறையூர் பஸ் இப்படித்தான் வரும், ஏறினால் திருவெள்ளறை. பாட்டிலை எடுத்து வெளியே எறிஞ்சிடுவியா என்றாவது கேட்டிருக்கலாம், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்டதெல்லாம் நிஜமா என்றுதான், நிஜமா என்று தெரிந்துகொள்ள இவன் யார்? பஸ் வளைவில் திரும்பி வந்தது, கூட்டமாக இருந்தது, அவன் கையை நீட்டினான். போய்ச் சேர்ந்தால் அந்த அம்மா நாற்காலி போடுவாள், முந்தானையால் துடைத்துவிட்டு உட்காருங்க சார் என்பாள், மகளைக் கடைக்கு அனுப்பிக் கலர் வாங்கி வரச் சொல்வாள், அவன் அந்தக் கலரைக் குடித்துக்கொண்டு அரிசிப் பானை எங்கே என்று கண்ணால் தேடுவான்... படிக்கட்டில் ஒற்றைக் கால் வைத்துத் தொங்கியபோது அடையாள அட்டை இன்னும் கழுத்தில் கிடந்து ஆடுவதைப் பார்த்தான், கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தான், திணித்து என்ன ஆகப்போகிறது, வாசலில் நிற்கிறவளுக்கு அது தெரியத்தான் போகிறது, அவன் எதைக் கேட்டாலும் அந்த வீட்டில் ஒரு குறையும் இருக்காது.