பன்னிரண்டு காய்ச்சல்

ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் ரோசம்மாள் டீச்சர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது கெட்ட வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். சர்ச்சில் பூசைக்குப் போயிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு காரியத்துக்காகப் போகும்படி ஆகிவிட்டதே என்று ஆத்திரம்.

பக்கத்தில் அமிர்தம் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. முசிறியில் வாழை போட்டிருக்கும் அழகர்சாமியின் மகள். உறையூரில் சித்தி வீட்டில் தங்கி, திருச்சியில் பெண்கள் ஹைஸ்கூலில் ஐந்தாம் பாரம் படிக்கிறாள். முந்தின நாள் ஸ்கூல் கமிட்டியிலிருந்து அவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. ‘க்ஷயரோகம் என்று சந்தேகப்படுவதால் மாணவியின் பெயர் நீக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறு காலை தலைவர் வீட்டில் தெரிவிக்கலாம்.’

பெயரை நீக்கினால் அழகர்சாமி அடுத்த முகூர்த்தத்திலேயே ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார். க்ஷயம் என்ற பேச்சு ஊரில் பரவிவிட்டால் அதுவும் இல்லை. படிப்பும் போய், கொல்லைக்கொட்டகையே கதி என்று ஆகிவிடும். பெண் ஒருநாள்கூட இருமியதில்லை. ஒல்லியாக இருப்பாள், அவ்வளவுதான்.

சாட்சி என்ன தெரியுமா? பன்னிரண்டு லீவு லெட்டர்கள். மாதம் தவறாமல் மூன்று நாள், ‘காய்ச்சலானபடியால்’ என்று அழகான கையெழுத்தில். ஒவ்வொன்றின் அடியிலும் வகுப்பு டீச்சரின் ஒப்பம். அந்த வகுப்பு டீச்சர், போன வருஷமும் இந்த வருஷமும், ரோசம்மாள்தான்.

அவளேதான் அப்படி எழுதச் சொன்னவளும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அவளுக்கு ‘நல்வாழ்வு’ வகுப்பு. நிமிர்ந்து உட்காருவது, மனசு சோர்ந்தால் அதை யாரிடமாவது சொல்லுவது, உண்மையைத் தைரியமாகப் பேசுவது, எல்லாம் அதில் பாடம். புத்தகத்தில் அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து அறுபத்துநாலு வரைக்கும் பெண்ணின் உடம்பைப் பற்றி இருந்தது. கமிட்டி உத்தரவுப்படி அந்தப் பக்கங்களைப் பெண்களின் முப்பத்தெட்டுப் புத்தகத்திலும் தன்னுடையதிலும் கோந்து போட்டு ஒட்டியவள் ரோசம்மாள். உடம்பைப் பற்றித் தைரியமாகப் பேசு, ஆனால் உடம்பைப் பற்றிப் பேசாதே! இந்த லட்சணத்தில் ஒரு வகுப்பு.

மாதவிலக்கென்று வீட்டில் மூன்று நாள் ஒதுக்கி வைக்கப்படும் பெண்கள் லீவு லெட்டரில் காரணம் எழுதியாக வேண்டும். கிளார்க் ஸ்தனிஸ்லாஸ் தினமும் காலையில் வகுப்பு வாசலில் நின்று லெட்டர்களை உரக்கப் படித்துத்தான் ரிஜிஸ்தரில் பதிவார். ஆண்பிள்ளை வாயில் ‘தூரம்’ என்கிற அந்த வார்த்தை எதற்கு என்று, “காய்ச்சல்னு எழுதிடுங்க, அதான் மரியாதை” என்று சொல்லி வைத்தாள் ரோசம்மாள். டவுன் பெண்கள் கெட்டிக்காரிகள். ஒரு மாதம் வயிற்றுவலி, ஒரு மாதம் விருந்தாளி. ராக்கம்மாள் என்ற பெண் ஒரே வருஷத்தில் நாலு அத்தைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். டீச்சர் சொன்ன சொல்லை அப்படியே கேட்டது அமிர்தம் ஒருத்திதான். மாட்டிக்கொண்டதும் அவள்தான்.

கமிட்டித் தலைவர் வக்கீல் ஸ்ரீநிவாசராகவன் வீட்டு முன்னறைதான் அவருடைய ஆபீஸ். சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம். இன்னொரு மெம்பர் தோல் வியாபாரி ஷேக் தாவூது முன்னமே வந்திருந்தார். ஸ்தனிஸ்லாஸ் மினிட் புஸ்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ரோசம்மாள் உள்ளே போனாள். அமிர்தம் கதவோரம் நின்றுகொண்டாள்.

“உக்காருங்கோ டீச்சரம்மா” என்றார் வக்கீல். பிறகு ஷேக் தாவூதின் பக்கம் திரும்பி, “பாய், மன்னிக்கணும். காப்பி வர நாழியாகும். அகத்துல மாட்டுப்பொண் தூரம். ஆம்படையாள் ஒருத்தியாவே எல்லாம் பார்த்துண்டிருக்கா” என்றார்.

“அதனால என்னங்க” என்றார் பாய்.

ரோசம்மாளுக்குச் சற்றுத் தெம்பு வந்தது. இவ்வளவு சுலபமாக அந்த வார்த்தையைச் சொல்கிற மனிதருக்குப் புரியாமலா போகும்?

“இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சலே கிடையாதுங்க” என்றாள்.

வக்கீல் லெட்டர்க் கட்டை மேஜையில் தட்டினார். “பன்னண்டு லெட்டர். எல்லாத்துலயும் காய்ச்சல். கீழே கையெழுத்து உங்களோடதுதானே?”

“என்னோடதுதாங்க.”

“அப்போ பொய்யா கையெழுத்துப் போட்டேள்?”

“மாசாமாசம், மூணு நாளுங்க. கணக்கைப் பாருங்க, உங்களுக்கே தெரியும்.”

“க்ஷயத்துலயும் விட்டு விட்டுத்தான் காயும்.”

“லேடி டாக்டர்கிட்டக் காட்டிடலாமேங்க.”

“டாக்டர் வரைக்கும் போனா ஊரெல்லாம் தெரியும். ஸ்கூலுக்குன்னா கெட்ட பேர்?”

ரோசம்மாளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை இங்கே ஊசலாடுகிறது, இந்த மனுஷனுக்கு ஸ்கூல் பேர் முக்கியம். கூச்சமாவது மண்ணாவது என்று எழுந்து நின்றாள்.

“காய்ச்சல் இல்லீங்க. தூரம்!”

ஸ்தனிஸ்லாஸின் பேனா நின்றது. வக்கீல் உத்திரத்தைப் பார்த்தார். அவர் காதுமடல் சிவந்ததை ரோசம்மாள் கண்ணால் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் சந்தேகமே இல்லை.

“முசிறி தூரந்தான்” என்றார் வக்கீல். “அதுக்கு ஸ்கூல் என்ன பண்ண முடியும்?”

ரோசம்மாள் மறுபடி வாயெடுப்பதற்குள் வக்கீல் கையமர்த்தினார்.

“சரி, நாமளும் இரக்கம் இல்லாதவா இல்லை. க்ஷயம்னு எழுத வேண்டாம். பாவம், பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. கிளார்க், தூரம் காரணமாகப் பெயர் நீக்கம்னு எழுதிடுங்கோ. எல்லாருக்கும் கௌரவம்.”

ஸ்தனிஸ்லாஸ் எழுதினார். எழுதுகிற சத்தம் கேட்டது. அந்த மினிட் புஸ்தகத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறியலாம் போல ரோசம்மாளுக்கு இருந்தது. காப்பிக்குச் சொல்லலாமாம் அந்த வார்த்தையை, படிப்புக்குச் சொல்லக்கூடாதாம்!

“பொண்ணை உள்ளே வரச் சொல்லுங்கோ. கையெழுத்துப் போடட்டும்.”

அமிர்தம் வந்தாள். குனிந்து படித்தாள். பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. முகம் கறுத்திருந்தது, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளு.”

“உங்க வீட்டு மருமக தூரம்னு சொன்னீங்களே. அவங்க பேரையும் வீட்டுலேர்ந்து நீக்கிட்டீங்களா?”

ஸ்தனிஸ்லாஸ் மினிட் புஸ்தகத்தின் மேல் குனிந்துகொண்டார்.

“இல்லீங்கதானே? நாலாம் நாள் குளிச்சிட்டு உள்ள வந்துருவாங்க, காப்பி போடுவாங்க. நானும் அப்படித்தாங்க. நாலாம் நாள் குளிச்சிட்டு ஸ்கூலுக்கு வந்துர்றேன். எனக்கு மட்டும் ஏங்க கதவைச் சாத்துறீங்க?”

கோர்ட்டில் வக்கீலை மடக்க ஆள் இல்லை என்பார்கள். அன்றைக்கு லெட்டர்க் கட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

ஷேக் தாவூது தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “வக்கீல் சார், எனக்கு மூணு பொண்ணு. இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாதுங்க. பேரு இருந்துட்டுப் போகட்டும்.”

யார் முகத்தையும் பார்க்காமல், “அடிச்சுடுங்கோ” என்றார் வக்கீல். ஸ்தனிஸ்லாஸ் அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தார். காப்பி வருகிற வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் ரோசம்மாள் பெண்ணின் தோளில் கை வைக்கப் போனாள். அமிர்தம் ஒதுங்கி நின்றாள்.

“காய்ச்சல்னு ஏன் டீச்சர் எழுதச் சொன்னீங்க?”

“உங்க நல்லதுக்குன்னுதான்...”

“உண்மையைத் தைரியமாச் சொல்லணும்னு வாராவாரம் நீங்கதான் சொன்னீங்க. அந்தப் பாடத்துல நூத்துக்குத் தொண்ணூறு போட்டீங்க எனக்கு. பொய்யும் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. ரெண்டையும் நம்பிட்டேன்.”

சொல்லிவிட்டு அமிர்தம் விறுவிறுவென்று பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். காலையிலிருந்து யார் யார் மேலேயோ பாய்ந்துகொண்டிருந்த கோபம் திரும்பி வந்து ரோசம்மாளின் நெஞ்சில் உட்கார்ந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழ வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டை ஊசியை எடுத்துத் தன் புத்தகத்தின் ஒட்டிய பக்கங்களைக் கிழிபடாமல் பிரித்தாள். முப்பத்தெட்டுப் பெண்களையும் அப்படியே பிரிக்கச் சொன்னாள். அறுபத்தொன்றிலிருந்து அறுபத்துநாலு வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு கேள்வி கேட்டார்கள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஸ்தனிஸ்லாஸ் இரண்டு லெட்டர்களை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் திகைத்து நின்றார். ஒன்று அமிர்தத்தினுடையது. மற்றது ராக்கம்மாளுடையது. அவளுக்கு அத்தைகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

“டீச்சர், இதை எப்படிப் படிக்கிறது?” என்று கிசுகிசுத்தார்.

“எப்பவும் எப்படிப் படிப்பீங்க?”

“சத்தமாத்தான்.”

“அப்படியே படிங்க” என்றாள் ரோசம்மாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்து முடிக்கிற வரைக்கும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.