ஈறில் கிருமி இல்லை

முப்பத்திரண்டு வயதில் எனக்கு முன்பல் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. துலக்கினால் ரத்தம். பேசினால் வாடை எனக்கே தெரியும். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் ஜாஃபர் சாதிக் இரண்டு வருடம் கழித்து வர இன்னும் பன்னிரண்டே நாள். எனக்கு எப்படி இருப்புக்கொள்ளும்?

தஞ்சாவூர்ப் பல் டாக்டர் எழில்மொழி, ஈறுக்குள் மெல்லிய காகிதக் குச்சியை விட்டெடுத்துச் சென்னை லேபுக்கு அனுப்பியிருந்தார். டிஎன்ஏவை வைத்து எந்தக் கிருமி என்று அங்கே கண்டுபிடிப்பார்களாம். தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுத்துப் பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். ரிப்போர்ட் வரும்வரை ஒரு வாரமும் போன் அடித்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு முறை பால் பொங்கி வழிந்தது.

அய்யம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனால், டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"ஒரு கிருமியும் இல்லன்னு வந்திருக்கு, ஹாஃபிஸா. எனக்கு நம்பிக்கை இல்ல. டெஸ்ட்டுக்கு முன்னாடி மாத்திரை ஏதும் போட்டீங்களா?"

முதல் நாள் கேட்டபோது இல்லை என்று தலையாட்டியவள் நான்தான். இப்போது பல்லா மானமா என்றாகிவிட்டது.

"போட்டேங்க. நீங்க குனிஞ்சு பார்ப்பீங்க, நாறுமேன்னு கூச்சம். மெடிக்கல்ல வாங்கி அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போட்டேன்."

"நல்லா கெடுத்தீங்க போங்க! வீட்டைப் பெருக்கித் தொடைச்சுட்டு, குப்பை எங்கன்னு என்னைத் தேடச் சொல்றீங்க. ரெண்டு மாசம் ஒரு மாத்திரையும் கூடாது. அப்புறம் மறுபடி எடுக்கலாம். மறுபடி ஏமாத்துனா ரெண்டு பல்லும் போயிடும்."

இரண்டு மாதம்! வீட்டுக்காரருக்கு லீவே நாற்பது நாள்தான். அத்தனை நாளும் இந்த வாடையோடா?

திரும்பும் வழியில் மெடிக்கல் ஷாப் நெய்னா முகம்மது அண்ணன், நான் கேட்காமலே அதே மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். என் கையும் நீண்டது. யா அல்லாஹ், எவ்வளவு ஆசையாக நீண்டது! "வேணாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து அவரே போன் செய்தார். பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டேன்.

"மச்சான், தெரிஞ்சுக்கிட்டு வாங்க. என் ஈறு கெட்டுப் போச்சு, வாய் நாறும். மாத்திரை போட்டு மறைக்க மாட்டேன். மூஞ்சியத் திருப்புனீங்க, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஹாஃபிஸா, எனக்கு மேல நாலு பல்லு இல்ல. போன வருஷமே இங்க புடுங்கிட்டாங்க. கட்டுப்பல்லு போட்டிருக்கேன். நீ என்ன நினைப்பியோன்னு சொல்லல."

அடப்பாவி மனுஷா! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"வாங்க நீங்க. வந்ததும் அதைக் கழட்டி வச்சுட்டு என்கிட்ட பேசுங்க."