ஒரு வாரம் கேட்டவன்

கணவர் இறந்தபின் அந்தச் சின்ன மண் அணை அவள் பெயருக்கு வந்தது. பராமரிப்பு மட்டும் கொழுந்தனிடமே இருந்தது. அண்ணனும் தம்பியுமாக மண் சுமந்து போட்ட கரை அது. முளைக்கும் செடியைப் பிடுங்குவது, எலி வளைக்குள் களிமண்ணைத் திணிப்பது, மதகுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் அவன்தான்.

"என் பொண்டாட்டியக்கூட இப்படிக் கவனிச்சதில்ல அண்ணி."

"அவளும் அதத்தான் சொல்றா."

மழைக்காலத்துக்குச் சற்று முன் கரையின் வெளிச்சரிவில் ஈரம் தெரிந்தது. கசிவு புதிதில்லை, ஆனால் எப்போதும் தெளிவாக வரும். இந்த முறை கலங்கி வந்தது. கரையின் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கீழே, காலியாகக் கிடந்த வீட்டில், கைக்குழந்தையோடு ஒரு தையற்காரர் குடிவந்திருந்தார்.

கொழுந்தன் உடனே மதகைத் திறந்துவிட்டான். தண்ணீர் மெல்லத்தான் இறங்கியது.

"ஒரு வாரம் குடுங்க அண்ணி. தோண்டிப் பாத்து அடைச்சுடறேன்."

"அதுக்குள்ள மழை வந்துட்டா?"

"வராது."

"உங்கிட்ட சொல்லிட்டுதான் வருமா?"

மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையின் துணிகள் கொடியில் ஆடுவதைப் பார்த்தாள். கரையை வெட்டித் தண்ணீரை வெளியேற்ற, மண்வெட்டும் இயந்திரத்தை வரச்சொன்னாள்.

"எங்கம்மா வெட்டணும்?" என்றான் ஓட்டுநர். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொழுந்தன்தான் முன்னால் வந்தான்.

"இங்க வெட்டு. கீழ பாறை இருக்கு, தண்ணி ஒழுங்கா ஓடைக்குப் போயிடும். மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எடு."

கடைசிவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனான்.

மேகம் கலைந்துவிட்டது. அந்த ஆண்டு முழுக்க மழையே இல்லை. கசிந்த இடமும் வெட்டியபோதே சரிந்துபோனதால், அடைத்திருக்க முடியுமா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அணைத் தண்ணீரை நம்பியிருந்த கொழுந்தனின் காய்கறித் தோட்டம் கருகியது. மாடுகளை ஒவ்வொன்றாக விற்றான். கிணறு வற்றவும் தையற்காரரும் வீட்டைக் காலி செய்தார்.

தண்ணீர் லாரி வந்தபோதெல்லாம் பாதியை அவன் வீட்டுக்கு அனுப்பினாள். ஒருநாள் தானே போனாள்.

"ஒரு தடவ திட்டிடு தம்பி."

"என்னத்தத் திட்ட? நீங்க செஞ்சது சரிதான்." மிஞ்சியிருந்த மாட்டின் கழுத்தைத் தடவினான். "ஒரு வாரம் கேட்டேன். அவ்வளவுதான்."

அந்த வாரம் பெருமழை கொட்டியிருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியது. கரை இருந்திருந்தால் உடைந்தேதான் போயிருக்கும் என்று அவனே சொல்லியிருப்பான்.

பிறகு அவன் வெளியூரில் லாரி ஓட்டப் போய்விட்டான். அவ்வப்போது போன் செய்வான். மூட்டுவலி எப்படி இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பான். அவள் மழை பெய்ததைச் சொல்லும்போது மட்டும், "சரி அண்ணி, வைக்கிறேன்" என்பான்.