முதல் மணிக்குப் பிந்திய பதினோரு பேர்

மாணவர் பேரவைத் தலைவருக்கு என்ன வேலை என்று கேட்டால், பொன்னாடைத் தட்டைப் பிடிக்கிற வேலை என்றுதான் போன மாதம் வரை சொல்லியிருப்பேன். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரிக்கு மாதத்துக்கு மூன்று சிறப்பு விருந்தினராவது வருவார்கள். நான் பேரவைப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். வருகிறவர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார், எனக்குக் கால் கடுக்கும். என் பெயர் உமாராணி. உமாராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவள் போய் நின்றால் ஆபீசில் காரியம் நடக்கும் என்று நம்பித்தான் பிள்ளைகள் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். பாவம் அவர்கள்.

போன செவ்வாய்க்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். வருகைப்பதிவு குறைந்ததால் இந்த செமஸ்டர் தேர்வு எழுத முடியாதவர்கள், பதினோரு பேர். நான்காவது பெயர் மெல்சியா. விலங்கியல் மூன்றாம் ஆண்டு, மூன்று வருடமாக என் பக்கத்து இடம், புன்னைக்காயல்காரி. கடைசி செமஸ்டர். இதை எழுதாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு.

"எவன் போட்ட லிஸ்டு இது?" என்று நான் குதித்தேன்.

மெல்சியா பட்டியலின் அடியில் விரலை வைத்தாள். "ஏளா, நீதான் போட்டிருக்க."

முதல்வர் கையெழுத்து, துறைத் தலைவர்கள் கையெழுத்து, அதற்குக் கீழே பேரவைத் தலைவர் என்று என் கையெழுத்து. வளைத்து வளைத்து, ரொம்ப அழகாக.

வருகைப்பதிவுக் குழுவில் மாணவர்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஆனால் அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. கூட்டம் முடிந்ததும் அட்டெண்டர் ராமர் அண்ணாச்சி மினிட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பேரவைத் தலைவரைத் தேடி வருவார். பக்கத்தைத் திருப்பி, இடத்தை விரலால் காட்டுவார். எனக்கு முன்னால் இருந்த தலைவர்களும் அப்படித்தான் போட்டார்கள். விளையாட்டு விழா அன்று ஒரு கையில் வடையை வைத்துக்கொண்டு நான் போட்டது ஞாபகம் வந்தது. "சோலி முடிஞ்சுது பிள்ள" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனார். மெல்சியாவின் சோலிதான் முடிந்திருக்கிறது.

எனக்கு என் மேல் வந்த கோபத்தை அவள் மேல் காட்டினேன். "தெனமும் லேட்டா வந்தா இப்படித்தான் ஆவும். மொத மணிய விட்டா அர நாள் ஆப்சென்ட்டுன்னு தெரியாதா ஒனக்கு? ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் குடு."

"எனக்குக் காச்சலே வரலயே. பஸ்சுல்லா லேட்டு."

"அப்ப பஸ்சு லேட்டுன்னு எழுதிக் குடு. நான் கொண்டு போய்க் குடுக்கேன்."

"அத எழுதவே மாட்டேன்" என்றாள்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். மூன்று வருடத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. காலையில் வள்ளம் கரை வந்து, மீனை ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஏழெட்டுப் பெண்கள் பெட்டியோடு பஸ்ஸுக்கு ஓடி வருவார்களாம். அவர்கள் ஏறும்வரை டிரைவர் பதினைந்து நிமிடம் வண்டியை நிறுத்திவைப்பாராம். அந்தப் பெண்களில் மெல்சியாவின் அம்மாவும் ஒருத்தி. ஒன்பது மணிக்கு வரவேண்டியவள் ஒன்பதேகாலுக்கு வகுப்புக்கு வருவது அதனால்தான்.

"நான் எழுதிக் குடுத்தா காலேஜிலருந்து டிப்போவுக்குக் கடுதாசி போவும். நாளைக்கே டிரைவர் அண்ணன் நேரத்துக்கு வண்டிய எடுத்துருவாரு. எங்கம்மா பெட்டியத் தலையில வச்சிக்கிட்டு எங்கன போயி நிப்பா? நான் அடுத்த வருசம் எழுதிக்கிடுதேன். நீயும் வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நேரே முதல்வர் அறைக்குப் போனேன். முதல்வர் நேசக்குமார் சார் நாசரேத்துக்காரர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். "சார், நான் கூட்டத்துக்கே வரல. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த மினிட்டு செல்லாது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிக்காமப் போட்டது உன் தப்பு. உன்னக் கூப்பிடாதது என் தப்பு. வியாழக்கெழம திரும்பவும் கூடுவோம். வந்து உக்காரு" என்றார்.

வியாழக்கிழமை உட்கார்ந்தேன். ஐந்து பேராசிரியர்கள், நான், டீ. மெல்சியா ஒன்பதேகாலிலிருந்து மூன்றரை வரை வகுப்பை விட்டு நகர்ந்ததில்லை, அட்டெண்டன்ஸை முதல் மணியின் ஆரம்பத்தில் எடுக்காமல் முடிவில் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். முதல்வர் தலையை ஆட்டினார்.

"ஒரு பேரப் பத்திச் சொல்லிட்ட. மத்த பத்துப் பேரு?" என்று கேட்டுவிட்டுப் பெயர்களை வாசித்தார்.

ஒரு பெயருக்குக்கூட முகம் தெரியவில்லை. என் தோழி அந்தப் பட்டியலில் இல்லாமலிருந்தால் நான் இந்த அறைக்கே வந்திருக்க மாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பத்துப் பேரும் எனக்கு ஓட்டுப் போட்டவர்களாகக்கூட இருக்கும்.

"எனக்குத் தெரியல சார். வெளிய மெல்சியா நிக்கா, அவள உள்ள கூப்பிடட்டுமா?"

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. பிந்தி வருகிறவர்களை வாட்ச்மேன் ஒன்பதேகால் வரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பார். அங்கே நிற்பவர்களுக்குள் பேச்சுத் துணை இல்லாமலா இருக்கும்? மெல்சியா உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பத்துப் பேரையும் பற்றி ஒவ்வொருவராகச் சொன்னாள். ஒருவன் பெரியதாழையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறான். ஒருத்தி அக்காள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறாள். ஒருவன் கடையில் சரக்கு இறக்கிவிட்டு வருகிறான், சட்டையில் மாவு ஒட்டியிருக்கும்.

"இந்த செந்தூர்வேல்?" என்று முதல்வர் கேட்டார்.

"அவன் சும்மா தூங்கிருதான் சார். ஆனா நல்ல பய."

சிரித்துவிட்டார்கள். கடைசியில் அட்டெண்டன்ஸை மணியின் முடிவில் எடுப்பது, காரணம் தெரிந்தவர்களுக்கு விலக்கு, செந்தூர்வேலுக்கு அபராதத்தோடு விலக்கு என்று முடிவானது.

"ஒன் காரணம் என்னம்மா?" என்று முதல்வர் மெல்சியாவைக் கேட்டார்.

"சொல்ல முடியாது சார்."

"காரணம் இல்லாம விலக்குக் குடுக்க விதியில எடமில்லையே."

அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த ஆட்டலைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பத்துப் பேரையும் கரையேற்றிவிட்டு இவள் மட்டும் நிற்கிறாள். மீன்பெட்டி, பஸ் எல்லாம் என் தொண்டை வரை வந்துவிட்டது. என் காலை அவள் மிதித்தாள்.

"காரணம் எனக்குத் தெரியும் சார். உண்மையான காரணந்தான். வெளிய சொன்னா வேற ஆளுவளுக்குக் கஷ்டம். பேரவையிலருந்து நான் எழுதித் தாரேன், பொறுப்பு என்னுது. நான் கையெழுத்துப் போடுதேன்."

"ஒன் கையெழுத்தா?" என்றார் முதல்வர். குரலை உயர்த்தவில்லை. "படிக்காமப் போடுத கையெழுத்தத்தானம்மா நீ வச்சிருக்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சூடானது. என்னிடம் பட்டை இருக்கிறது, பதவி இருக்கிறது, இவளுக்கு உதவுகிற அன்றைக்கு அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அதை அப்படி ஆக்கியது நான்தான். அழுகையை அடக்கிக்கொண்டு, "ஆமா சார், இதுவர அப்படித்தான்" என்றேன்.

முதல்வர், வாசலில் நின்ற ராமர் அண்ணாச்சியிடமிருந்து மினிட் புத்தகத்தை வாங்கி என் பக்கம் தள்ளினார்.

"எழுது. எழுதினத எங்க எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு. அதுக்குப் பொறவு போடு."

மூன்று வரிதான். மெல்சியாவின் காரணத்தை மாணவர் பேரவை அறியும், அது நேர்மையானது, அதற்குப் பேரவைத் தலைவர் பொறுப்பு. எழுத ஐந்து நிமிடம் ஆனது. எழுந்து நின்று வாசித்தேன், இரண்டாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வளைக்காமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல்வர் அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வராந்தாவில், சேதி கேட்டு ஓடி வந்த பத்துப் பேரும் நின்றிருந்தார்கள். மெல்சியா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "கால ஓங்கி மிதிச்சிட்டேம்ளா, வலிக்கா?" என்று கேட்டாள். வலித்தது. இல்லை என்றேன். அவளை அணைத்துப் பிடித்தபடியே எதிரே நின்ற பையனிடம், "தம்பி, ஒம் பேரு என்ன?" என்று கேட்டேன்.