இடது கிருதா

ஊரடங்கு தளர்ந்து, கடை திறக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் உள்ளே என்று உத்தரவு வந்த அன்றே சலூன்காரர் ஷட்டரைத் தூக்கினார். காடாய் வளர்ந்த தலைகள் வாசலில் வரிசைகட்டும் என்று கத்தரிக்குச் சாணை பிடித்து வைத்திருந்தார். முதலில் வந்த வாத்தியாரின் தலையோ கச்சிதமாக வெட்டியிருந்தது.

"யார் சார் வெட்டினது?"

"நானேதான். ஷேவிங் மட்டும் போதும்."

புளுகு! சொந்தப் பிடரியை இப்படி வெட்ட எந்தக் கொம்பனாலும் முடியாது. அடுத்து வந்த மருந்துக்கடைக்காரரும் அதே பாட்டைப் பாடினார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் திருட்டு முழி முழித்தது.

எதிர்த்தெரு சலூன்காரன்தான் புறவாசல் வழியாகத் தொழில் பண்ணியிருக்கிறான், படுபாவி! பல்லைக் கடித்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரின் தலையைத் திருப்பினார். இடது கிருதா வலதைவிட ஒரு விரல் மேலே நின்றது. வாத்தியாருக்கும் அப்படித்தானே இருந்தது? தொழில்காரன் எவனும் இப்படிச் சொதப்ப மாட்டான்.

எரிச்சலோடு நிமிர்ந்தவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அவருடைய இடது கிருதாவும் ஒரு விரல் மேலே இருந்தது. ஊரடங்கில் அவருக்கு முடி வெட்டிவிட்டவள் அவர் மனைவி.

காய்கறிக்கு வரிசையில் நிற்கணும் என்று காலையில் பையோடு போனால் மதியம்தான் வருவாள். கடை மூடியிருந்தும் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்னப்பா அப்படிப் பாக்குற? கிருதா கோணலா இருக்கா? சரி பண்ணிடேன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வேண்டாம்ணே," என்றார் சலூன்காரர். "வெட்டினவங்க கோவிச்சுக்குவாங்க."