சந்தனசாமியும் லூசியும் எடுத்துக்கொண்ட மூன்று படங்கள்

1919ஆம் ஆண்டு தை மாதம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்ட அன்று சந்தனசாமியும் லூசியும் ஐந்தரை மணி நேரம் விறைத்து நின்றார்கள். ஜொகூர் பாரு கடைத்தெருவில் படக்கடை வைத்திருந்த ஜப்பான்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, முடிந்தது, போகலாம் என்று கை காட்டிய பிறகும் இருவரும் அசையவில்லை. ஜெபப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவளும், கோட்டுப் பித்தானில் கட்டைவிரலைக் கொடுத்தபடி அவனும் படப் பெட்டியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், கிள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் நாலு பேர் தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றித் தம்போய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கோட்டு இரவல் வாங்கியது, படுக்கவைத்தால் கசங்கும் என்பதால் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர் இருவருடைய நாடியையும் பிடித்துப் பார்த்து, நன்றாக ஓடுகிறது, வெயில் படாமல் வையுங்கள் என்றார். பந்தலுக்குள் அவர்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். சாயந்தர ஜெபத்துக்கு மணி அடித்தபோது முதலில் லூசியின் விரல் அசைந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள்.

இப்படி ஆனதில் தோட்டத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. படக்காரர் மலாய் மொழியில்தான் உத்தரவு போடுவார்: “டியாம்! ஜாங்கான் கெராக்!” சும்மா இரு, அசையாதே என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது தோலோடு நின்றது. இவர்களுக்கு எலும்பு வரை போய்விட்டது. சந்தனசாமி பத்தொன்பது வயதில் கப்பல் ஏறி வந்தவன். வந்த மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே பெரட்டில் பேர் கூப்பிடும்போது விறைப்பாக நின்று பழகியவன். லூசி மூவாரில் பிறந்தவள். சின்னம்மாவின் வீட்டில் வளர்ந்ததால், யார் கண்ணிலும் படாமல் சுவரோடு சுவராக நிற்கத் தெரிந்தவள். அதோடு, படம் எடுத்த அன்று காலையில்தான் இருவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்திருந்தார்கள். அந்தப் படத்தில் அவர்கள் இரண்டு கதவுகளைப் போல இருந்தார்கள். லூசி அதைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

ஆறு வருஷம் போயிற்று. அவள் ரப்பர் மரங்களைக் கீறிப் பால் வெட்டினாள். அவன் புகைக் கொட்டாயில் ரப்பர் பாளங்களைத் தொங்கவிட்டு, விறகுத் தீ அணையாமல் பார்த்துக்கொண்டான். நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஏழு மாதம் இருந்து, காய்ச்சலில் போயிற்று. அடக்கம் முடிந்த மறுநாள் இருவரும் பெரட்டில் நின்றார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசக் கூடாது என்றில்லை. அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் எழும்போது அவன் போயிருப்பான்.

1925இல் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானி சீமைக்குத் திரும்புவதற்கு முன்னால், தோட்டத்து ஜனங்களைப் படம் பிடித்துக்கொண்டு போக ஆசைப்பட்டாள். புருஷனும் பெண்சாதியுமாக ஒரு ஜோடி வேண்டும் என்றாள். கங்காணி கைகாட்டியது சந்தனசாமியையும் லூசியையும். வேலை முடிந்து வந்தவர்களை லயத்து வீடுகளுக்கு முன்னால் நிறுத்தி, “இயல்பா இருங்க, சிரிங்க” என்று கங்காணியைச் சொல்லச் சொன்னாள். இயல்பாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு அசையாதே என்ற உத்தரவைவிடக் கடுமையாக இருந்தது. எந்தத் தசையை எங்கே வைப்பது என்று தெரியாமல், இருவரும் அப்படியே இறுகிப்போனார்கள். இந்தத் தடவை நாலு நாள்.

யாராலும் அவர்களை இடத்தைவிட்டு நகர்த்த முடியவில்லை. அவர்கள் தலைக்கு மேல் நாலு கம்பு நட்டு அத்தாப்பு ஓலை வேய்ந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊற்றினாள். பெரட்டில் இருவரும் வந்ததாகவே குறிக்கப்பட்டது. பேர் கூப்பிட்டபோது நின்றுகொண்டுதானே இருந்தார்கள் என்றார் பேர் எழுதும் கிராணி. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் வேலைக்காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், உதடுகள் மட்டும் விட்டுக்கொடுத்தன. இருவரும் எதிரே இருந்த ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. லூசிக்கு அது வசதியாக இருந்தது.

“புள்ளையக் குழிக்குள்ள வச்சப்போ நீங்க ஏன் அழுவல?” என்று அவள் மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அவனுடைய உதடு மறுபடி பூட்டிக்கொண்டதோ என்று அவள் நினைத்தாள்.

“பொகக் கொட்டாய்க்குள்ள போயி அழுதேன்” என்றான். “அங்க எல்லாருக்கும் கண்ணு செவந்துதான் கெடக்கும். யாரும் கேக்க மாட்டாங்க.”

“எத்தன நாளு?”

“மழ விடுற வரைக்கும்.”

அந்த வருஷம் மழை மாசி வரைக்கும் பெய்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவள் கண்ணீர் துடைக்க முடியாமல் நின்றாள். அவனுடைய மூக்கு உறிஞ்சும் சத்தம் பக்கத்திலிருந்து வந்தது. மறுநாள் பொழுது சாயும்வரை அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்: குழந்தைக்குக் காது யாரைப் போல இருந்தது, மூவாரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் என்ன நிறம், அவன் கப்பலில் வந்தபோது பக்கத்தில் படுத்திருந்தவன் பாடிய பாட்டு. கை கால் விட்டுக்கொடுத்தபோது இருவரும் தரையில் சரிந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அங்கேயே தூங்கினார்கள். துரைசானி படத்தை அனுப்பவே இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. வேலை அப்படியேதான் இருந்தது. ஆனால் சேர்ந்து களைத்தார்கள்.

1930இல் ரப்பர் விலை இறங்கியது. மறு வருஷம் இன்னும் இறங்கியது. தோட்டத்தை மூடினார்கள். லூசிக்கு ஜொகூர் பாருவில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை கிடைத்தது. விடிகாலை நாலு மணியிலிருந்து கொதிக்கும் அண்டாவில் படுக்கை விரிப்புகளைக் கிண்டினாள். சந்தனசாமிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டு மாதம் காலையில் புறப்பட்டுப் போய் மாலையில் திரும்பி வந்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவைத்து, வேலை இல்லாதவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஆபீசில் பேர் கொடுத்துவிட்டேன் என்றான்.

“அங்க அண்ணன்கிட்ட நெலம் இருக்கு. ஒரு வருசம் பாத்துட்டு ஒன்னயக் கூப்பிட்டுக்கிறேன் லூசி. ஒன் கையில எத்தன நாளு சாப்புடுறது?”

லூசி தட்டை அவன் பக்கம் திரும்ப நகர்த்தினாள். ஒரு வருஷம் என்று போனவர்களில் ஏழு பேரை அவளுக்குத் தெரியும். ஒருவர்கூடத் திரும்பவில்லை, இரண்டு பேர் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. இருந்துவிடுங்கள் என்று சொன்னால், அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் எட்டு மாதம் தெருத் தெருவாக நடப்பான். அதையும் அவளால் பார்க்க முடியாது. அவள் யோசித்துக்கொண்டே விரிப்புகளைப் பிழிந்தாள். முதல் படத்துக்கு ஐந்தரை மணி நேரம், இரண்டாவதுக்கு நாலு நாள். இந்தக் கணக்குப்படி மூன்றாவது படம் குறைந்தது இரண்டு மாதம் தாங்கும். கப்பல் சிங்கப்பூரிலிருந்து செவ்வாய்க்கிழமை புறப்படுவதாக இருந்தது.

“போறதுக்கு முந்தி ஒரு படம் எடுத்துக்கலாங்க. ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்” என்றாள். திங்கட்கிழமைக்கு நேரம் கேட்டு வைத்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் துணி அதிகம். ஈரப் புடவையோடு அவள் வந்தபோது மணி மூன்று. படக்கடை முதலாளியான ஜப்பான் தவுக்கேக்கு அவர்களை நன்றாக ஞாபகம் இருந்தது. தூக்கிச் செல்ல ஆள் வேண்டியிருக்கும் என்று பக்கத்துக் கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். இருவரையும் ஒரு பலகை இருக்கையில் உட்காரவைத்து, துணிக்குள் தலையை விட்டு, “டியாம்! ஜாங்கான் கெராக்!” என்றார். லூசி மூச்சைப் பிடித்தாள். முழங்காலைப் பூட்டினாள். பெட்டியின் கண்ணை முறைத்துப் பார்த்தாள். வா, வா என்று விறைப்பை உள்ளுக்குள் கூப்பிட்டாள். அது வரவில்லை. அவளுடைய தோள் தானாக இறங்கியது; இறங்கிய இடத்தில் அவனுடைய தோள் சரியான உயரத்தில் இருந்தது. அவன் கொட்டாவி விட்டான். அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அவன் பாதத்தின்மேல் வைத்திருந்தது அவளுக்கே தெரியவில்லை.

தவுக்கே வெளியே வந்து, முப்பது வருஷத்தில் இவ்வளவு இலகுவாக உட்கார்ந்த ஜோடியைப் பார்த்ததில்லை என்றார். லூசி இன்னொன்று எடுக்கச் சொன்னாள். அதில் இன்னும் மோசம், அவன் அவள் நெற்றியிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவதில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“என்னா புள்ள?” என்றான் சந்தனசாமி.

“வர மாட்டேங்குதுங்க” என்றாள். “வெறச்சுக்கிட்டா கப்பல் போயிரும்னு நெனச்சேன்.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். கடைக்கு வெளியே சைக்கிள்களும் ரிக்‌ஷாக்களும் போய்க்கொண்டிருந்தன. அவன் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்து, கோட்டில்லாத சட்டையின் பித்தானில் கட்டைவிரலைக் கொடுத்து, பெட்டியின் கண்ணைப் பார்த்து, உதட்டை அசைக்காமல் சொன்னான்: “தவுக்கேகிட்டச் சொல்லு. எனக்கு வெறச்சிருச்சு.”

லூசி அவன் கையைத் தொட்டாள். அது வெதுவெதுவென்று இருந்தது, நாடி துள்ளிக்கொண்டிருந்தது. அவள் தவுக்கேயிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்தார். பிறகு கடைக் கதவைச் சாத்தி, தேநீர் போடப் போனார். தண்ணீர் கொதிப்பதற்குள், ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஆபீசுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை ஆபீசிலிருந்து கிராணி கனகராஜ் வந்தார். நாலு நாளாகப் பேர் எழுதி எழுதி அவருடைய விரல்கள் வீங்கியிருந்தன. பென்சிலால் சந்தனசாமியின் தோளைக் குத்தினார். சந்தனசாமி அசையவில்லை. ஆனால் தொண்டையில் எச்சில் இறங்கியதைக் கனகராஜ் பார்த்துவிட்டார். லூசி அவர் பார்த்ததைப் பார்த்தாள்.

“எத்தன நாளைக்கு இப்படி?” என்றார்.

“போன தடவ நாலு நாளுங்கய்யா. இந்தத் தடவ எப்படின்னு தெரியலிங்க.”

கனகராஜ் அவளுடைய வெந்து வெளுத்த கைகளைப் பார்த்தார். தாளை எடுத்து, பேருக்கு எதிரே ‘விறைப்பு, பயணத்துக்குத் தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விறைப்பு விட்டதும் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டு, படியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து போனார். சாயங்காலம் கப்பல் போன செய்தி வந்தது. சந்தனசாமி காலை நீட்டி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். இருவரும் கடைத்தெரு வழியாக மெதுவாக நடந்து அறைக்குப் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லி அனுப்ப அவர்கள் மறந்துபோனார்கள். தாளை யாரும் திருத்தவும் இல்லை. ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரித் துணி வண்டியை இழுக்க ஆள் வேண்டும் என்றார்கள்; சந்தனசாமிக்கு அந்த வேலை கிடைத்தது. ஆபீஸ் வாசல் வழியாகத்தான் வண்டி போகும். காலை எட்டு மணிக்குக் கனகராஜ் வெற்றிலை போட்டபடி அங்கே நிற்பார்.

“இன்னும் விடலியா?” என்று கேட்பார்.

“இல்லீங்கய்யா” என்று சொல்லிவிட்டு, சந்தனசாமி வியர்க்க விறுவிறுக்க வண்டியை மேட்டில் ஏற்றுவான். பின்னால் லூசி தள்ளிக்கொண்டு வருவாள்.