களஞ்சியக்காரியின் சிரிப்பு

குதிருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுகிறாள் மின்னாள், தினைக்கு முன்னால் அடிமண் விரலில் தட்டுகிறது, நேற்றும் இதே குதிருக்குள்தானே கைவிட்டுப் பார்த்தோம், இல்லை, அது கனவு, கனவில் கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது, தினை மட்டும் வரவேயில்லை, வெளியே ஊர் கிண்ணங்களோடு வரிசையில் நிற்கிறது, மலையைச் சுற்றி மேகம் தேங்கிக் கிடக்கிறது, அதற்கடியில்தான் விளைந்த வயல்கள், தென்காற்று வந்து மேகத்தைத் தள்ளினால்தான் அறுவடை, காற்று இந்த வருஷம் எங்கே போய்த் தொலைந்ததோ, அதுவரை இவள் அளந்து போடுவதுதான் எல்லோருக்கும் சோறு.

எவ்வளவு மிச்சம் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, களஞ்சியம் பார்ப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான், இவள் சிறுமியாக இருந்தபோது களஞ்சியக்காரர் ஒருவர் வாசலில் நின்று அழுதுவிட்டார், அன்றைக்கே அப்பா கோணியை எடுத்துக்கொண்டு மேகத்துக்குள் இறங்கினார், வந்துடுறேன் கண்ணு என்றார், அதற்குள் இறங்கியவர்களில் யார் திரும்பியிருக்கிறார்கள், அந்தக் குரல் இப்போதும் வாசலில் கேட்கிறது, அல்லது அது மகன் பொருநனின் குரலா, அவனும் தாத்தாவைப் போலத்தான், இவள் முகம் கொஞ்சம் வாடினால் போதும், முதல் ஆளாய் இறங்கிவிடுவான், அக்கா வெண்ணி மட்டும் எப்படி இத்தனை வருஷம் இதே வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள், கண்பார்வை போய் அகப்பையை இவளிடம் கொடுக்கும்வரை சிரித்தாளே, கவலையில்லாத மனுஷி என்று ஊரே சொன்னது, இவளும் சொன்னாள், பொறாமையோடு சொன்னாள்.

கதவைத் திறந்து வெளியே வந்து, வேறு எதுவும் தோன்றாமல், சிரித்தாள், அக்காவைப் போலவே சத்தமாக, வரிசையில் நின்றவர்களின் முகம் தெளிந்தது, பொருநன்கூடச் சிரித்தான், களஞ்சியம் ரொம்பித்தான் கெடக்கு போல என்றார் யாரோ, அகப்பையில் கொஞ்சம் குறைத்துக் குறைத்துப் போட்டாள், ஒருவரும் கவனிக்கவில்லை. தடவித் தடவி வந்து நின்ற அக்கா, அகப்பையின் சத்தம் கேட்டதும் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டாள், காலையிலேருந்து வயிறு திம்முனு இருக்குடி, எனக்கு இன்னிக்கு வேணாம் என்று ஊர் கேட்கச் சொன்னாள், பிறகு இவள் தோளைப் பிடித்து, காதோரம் குனிந்து, அடிமண் தட்டிடுச்சா என்று கேட்டாள். மின்னாள் சிரிப்பை நிறுத்தாமல், அக்காவுக்குக் கண் தெரியாது என்பதையும் மறந்து, தலையை ஆட்டினாள்.